பூஜ்யம் போட்ட புகை

சென்னைப் பட்டணத்துப் புகையை என்னைப் போலப் பார்த்தவன் வேறு ஒருவன் உண்டென்றால் அவன் என் முன்னால் வந்து நிற்கட்டும். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைக்காகச் சொல்வதென்றால் இன்னும் நிறைய இருக்கிறது.

போன மாதம் என் பழைய ஆபீஸிலிருந்து இரண்டு பேர் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். இருவரும் பட்டம் வாங்கியவர்கள். பெட்டிக்குள் சின்ன மோட்டார் இருக்கிறது. அது காற்றை உறிஞ்சி ஒரு வெள்ளைக் காகிதத்தின் வழியாக விடும். காகிதம் எவ்வளவு கறுக்கிறதோ அவ்வளவு அழுக்கு காற்றில் இருக்கிறது என்று கணக்கு. எனக்கு ஓட்டிக் காட்டினார்கள். மாவு மில் மாதிரி சத்தம். "இதெல்லாம் இல்லாம நீங்க எப்படி சார் வேலை பாத்தீங்க?" என்று கேட்டார்கள். ஆபீஸ் மலருக்கு எழுதித் தரவும் சொன்னார்கள்.

எங்கள் காலத்துப் பெட்டி என் முகத்தில் இருந்தது. இரண்டு கண், ஒரு மூக்கு. அதில் கண்ணை மட்டும் நம்பி மூக்கைச் சும்மா வைத்திருந்த கதையை எழுதுகிறேன். இதில் நான் கொஞ்சம் அசடாகத் தெரிவேன். பரவாயில்லை, மற்ற கதைகளில் சரிக்கட்டிவிடலாம்.

நான் படித்தது இரண்டாம் வகுப்பு. இலக்கம் எனக்கு நன்றாக வந்தது. எழுத்து வரவில்லை. ஏகாம்பரம் என்கிற என் பெயரைக் கோலம் போடுவதுபோல வரைந்து பழகிக்கொண்டேன். அதோடு பள்ளிக்கூடம் என்னிடமிருந்து தப்பித்தது. பதினைந்து வயதில் துறைமுகத்தில் கப்பல் கரி சுமந்தேன். ராத்திரி இருமினால் கறுப்பாக வரும். கரி சுமப்பவனுக்குக் கறுப்பாகத்தானே வரும் என்று நினைத்துக்கொள்வோம்.

எம்டன் கப்பல் வந்து எண்ணெய் டாங்குகளைக் கொளுத்திவிட்டுப் போனதே, அதற்கு மறுநாள் பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியது. நான் ராயபுரம் கரையில் நின்று அந்தப் புகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடியில் கறுப்பு, நடுவில் பழுப்பு, உச்சியில் யானைத் தோல் நிறம். அப்போது ஒருவன் என் தோளைப் பிடித்து உலுக்கினான்.

"யோவ், ஊரே ஓடிகினு கீது. நீ இன்னா ஆகாசத்தப் பாத்துகினு நிக்கிறே?"

"நீ ஏன் ஓடல?"

"நீ ஏன் ஓடலன்னு கேக்கத்தான் நின்னேன்."

அவன்தான் அந்தோணி. ராயபுரத்துக் கட்டுமரக்காரர் வீட்டுப் பிள்ளை. அலையைக் கண்டாலே வாந்தி எடுப்பான். அதனால் வீட்டார் அவனைக் கரைவேலைக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து தோஸ்து. இரண்டு பேரும் தண்டையார்பேட்டையில் ஒரு கடலை எண்ணெய் மில்லில் பாய்லருக்குக் கரி தள்ளும் வேலைக்குச் சேர்ந்தோம். எட்டு வருஷம் அந்த உலையின் வாயில் நின்றேன். அதுதான் என் காலேஜ்.

அங்கே கற்ற பாடத்தை இலவசமாகவே தருகிறேன். புகை என்பது எரியாத கரி. சோம்பேறி என்ன செய்வான்? கரிவாரியால் பத்து வாரு கரியை ஒரே மூச்சில் உலைக்குள் கொட்டிவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, பீடி பற்றவைக்கப் போய்விடுவான். உள்ளே நெருப்பு மூச்சு முட்டும். மேலே புகைக்கூண்டு தார் மாதிரி கக்கும். கெட்டிக்காரன் சின்னச் சின்ன வாராக, நெருப்பின்மேல் தோசை மாவு இழுப்பதுபோல மெலிதாகப் பரப்புவான். கதவை விரல்கடை திறந்து வைப்பான். புகை சாம்பல் நிறத்துக்கு இறங்கிவிடும். ஆனால் அவன் பீடி குடிக்க முடியாது. பட்டணத்துக் காற்று கெட்டதில் பாதிப் பழி பீடியைத்தான் சேரும்.

ஒருநாள் மில்லுக்கு ஒரு டாக்டர் வந்தார். சுகாதார ஆபீஸிலிருந்து வந்திருந்தார். நம் மனுஷர்தான், சீமையில் படித்தவர். குள்ளம். கையில் அவரைவிட உயரமான குடை. எங்கள் புகையைப் பற்றித் தெருவில் புகார். மானேஜர், "என்ன செய்யறது சார், கரி மட்டமான கரி" என்று கையை விரித்தார்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் இன்னும் அங்கேயே கரி தள்ளிக்கொண்டிருப்பேன். "கரி மேல தப்பில்லீங்க ஐயா, கை மேலதான் தப்பு" என்றேன். மானேஜர் என்னைப் பார்த்த பார்வையில் பாய்லரே இல்லாமல் தண்ணீர் கொதித்திருக்கும். டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "செஞ்சு காட்டு" என்றார். செய்து காட்டினேன். அவர் வெளியே போய் கால் மணி நேரம் மேலே பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்து, "ம்" என்றார். அவ்வளவுதான்.

அந்த 'ம்' என்ன விலை என்று அப்போது எனக்குத் தெரியாது. பதினைந்து நாளில் ஆபீஸிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டார்கள். புகை பார்க்கிற உத்தியோகம். மில்லில் எல்லோரும் சிரித்தார்கள். அந்தோணி மட்டும் சிரிக்கவில்லை. "புகைய உண்டு பண்றவனுக்கு ஒரு சம்பளம், வேடிக்கை பாக்கறவனுக்கு ரெண்டு சம்பளமா? போடா, போய்ப் பொழச்சிக்கோ" என்றான்.

வேலை இப்படி. டாக்டர் என் கையில் ஓர் அட்டை கொடுத்தார். அதில் வரிசையாகக் கட்டங்கள். முதல் கட்டம் வெறும் வெள்ளை; அது பூஜ்யம். அடுத்ததில் மெல்லிய கறுப்புக் கோடுகள், அது ஒன்று. கோடு தடிக்கத் தடிக்க இரண்டு, மூன்று, நாலு. அட்டையைக் கையை நீட்டிப் பிடித்தால் கோடுகள் கலந்து சாம்பல் நிறமாகத் தெரியும். புகைக்கூண்டின் வாய்க்குச் சற்று மேலே புகை எந்தக் கட்டத்தோடு ஒத்துப்போகிறதோ அந்த இலக்கத்தைத் தாளில் எழுதவேண்டும். நிமிஷத்துக்கு ஒன்று, ஒரு மணி நேரம். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கவேண்டும். கூண்டுக்கு நூறு அடிக்குக் குறையாமல் தள்ளி நிற்கவேண்டும். எழுத்தே வேண்டாம், இலக்கம் போதும். கடவுளாகப் பார்த்து எனக்கென்றே படைத்த உத்தியோகம்.

தாளை எடுத்துக்கொண்டு போனால் டாக்டர் இலக்கத்தைப் பார்க்கமாட்டார். கண்ணாடியைக் கழற்றுவார். துடைப்பார். மாட்டுவார். பிறகு கேட்பார்: "ஏகாம்பரம், எங்கே நின்னே?"

முதல் தடவை, "தரையில ஐயா" என்றேன். அவர் சிரிக்கவில்லை. எந்த மூலை, எந்தப் பக்கம் வெயில், எந்தப் பக்கம் காற்று என்று எல்லாவற்றையும் கேட்டார். நான் சொன்னது பிடித்தால் 'ம்'. பிடிக்காவிட்டால் தாளை மடித்து என் சட்டைப் பையிலேயே வைத்துவிடுவார். அன்றைய ஒரு மணி நேரம் போச்சு. ஆள் கோபப்பட்டுப் பார்த்ததில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்று இருக்கும்.

மில்காரர்கள் என்னைச் சும்மா விடுவார்களா? என் தலை தெருமுனையில் தெரிந்ததும் கேட்டுக்காரன் விசில் அடிப்பான். உள்ளே கரி கொட்டுவது நின்றுவிடும். நான் நிற்கும் ஒரு மணி நேரமும் புகைக்கூண்டு சாமியார் மாதிரி இருக்கும். திரும்பி நடந்தால் தார் கக்கும். ஆனால் நான் யார்? எட்டு வருஷம் அதே உலை வாயில் நின்றவன். தலையில் மீன் கூடையை வைத்துக்கொண்டு போனேன். இழுத்துப்போட்ட படகின் மறைவில் உட்கார்ந்தேன். ஒருமுறை சவ ஊர்வலத்தோடு நடந்து போய்ப் பார்த்தேன்; அந்த வீட்டுக்காரர் என்னைப் பங்காளி என்று நினைத்துக் கருமாதிக்கு அழைத்துவிட்டார். எங்கள் பேட்டையில் எனக்குப் 'பொக மாமு' என்று பெயர் வைத்தார்கள். நான் அதைப் பட்டமாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

அந்தோணியையும் விடவில்லை. படகு மறைவிலிருந்து பார்த்து, அவன் கூண்டுக்கு இரண்டு முறை மூன்றும் நாலுமாகத் தாளை நிரப்பினேன். மூன்றாவது கெட்ட தாள் போனால் மில்லுக்கு அபராதம். மானேஜர் அந்தோணியிடம், "மூணாவது தாள் வந்தா நீ வீட்டுக்கு" என்று சொல்லியாகிவிட்டது.

"ஏன்டா, கூட கரி தள்னவன் வயித்துல அடிக்கிறியே, நீ வெளங்குவியா?" என்று கேட்டான்.

"பீடியை விடு, வெளங்கிடுவேன்" என்றேன்.

அந்தோணி மில்லுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தான். சந்துக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு காரீயப் பட்டறை. பழைய பேட்டரித் தகடு, தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் தகடு, அச்சாபீஸில் தேய்ந்துபோன எழுத்து, இதையெல்லாம் வாங்கி உருக்கி, மீன் வலைக்குக் கட்டுகிற குண்டும் குழாயும் வார்ப்பார்கள். முதலாளி எப்போதும் சலவை ஜிப்பாவில் இருப்பார். குட்டைப் புகைக்கூண்டு. அதிலிருந்து கொசுவலை மாதிரி மெல்லிசாக, வெளுப்பாக ஒன்று கிளம்பி ஆகாசத்தோடு கலந்துவிடும். அட்டையை நீட்டினால் வெள்ளைக் கட்டம். பூஜ்யம். மாதம் ஒருமுறை என் சுற்றில் காலை வேளையில் போவேன். கடல் பக்கம், சூரியனுக்கு முதுகு காட்டி நிற்பேன். அறுபது நிமிஷம், அறுபது பூஜ்யம். ஒன்றரை வருஷத்தில் பதினெட்டுத் தாள்.

"என் புகைக்கு என் ஜிப்பாவே சாட்சி" என்று முதலாளி சொல்லிக்கொள்வார். என் தாள் ஒன்றின் நகலை ஆபீஸில் கேட்டு வாங்கிப் பட்டறைக் கதவில் ஆணியடித்து வைத்திருந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவன் எழுதினதை ஊர் நின்று பார்க்கிறதே! அந்தோணியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து காட்டினேன். "பாத்துக்கோ, இதுதான்டா புகைக்கூண்டு."

பட்டறையில் ஒரு கிழவர் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து தருவார். சொம்பை இரண்டு முழங்கையாலும் இடுக்கிக்கொண்டு வருவார். மணிக்கட்டுக்குக் கீழே கைகள் இரண்டும் தொங்கும். "இன்னா பெரியவரே, காலங்காத்தால கள்ளா?" என்று கிண்டல் செய்திருக்கிறேன். அவரும் சிரிப்பார். இன்றைக்கும் அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காது.

இப்படி இருக்கையில் அந்தச் சந்திலிருந்து ஆபீஸுக்கு ஒரு மனு வந்தது. வயிற்று வலி. முறுக்கிப் பிழிகிற வலி. கோழிகள் கழுத்துத் தொங்கிச் சாகின்றன. பெண்களுக்கு வயிற்றில் பிள்ளை தங்குவதில்லை. எண்ணெய் மில் புகையால் எங்கள் குடும்பங்கள் அழிகின்றன என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது. எழுதியது அந்தோணியின் மனைவி ரோசம்மாள். மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள். தன் புருஷன் வாரிப் போடும் புகையின் மேலேயே மனுப் போட்டவள் பட்டணத்தில் அவள் ஒருத்திதான் இருப்பாள்.

அவள் வீட்டில் அந்தோணியின் பாடு பெரும்பாடு. "ஒன் புகையத்தான் துன்னுகினு கீறோமே, அதே உனக்கும் நாஷ்டா" என்று தட்டைக் கவிழ்த்து வைத்துவிடுவாளாம். ஆனால் விளையாட்டு அந்த மட்டும்தான். அந்த ஒன்றரை வருஷத்துக்குள் அவளுக்கு இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே கலைந்திருந்தன. இப்போது மூன்றாவது; நாலாம் மாதம். வலி மறுபடி ஆரம்பித்திருந்தது.

டாக்டர் என்னைக் கூப்பிட்டார். "எண்ணெய் மில்லை ஒரு வாரம் பார். தினமும். மூணாவது தாள் போடணும்னா போடு. தோஸ்துன்னு பாக்காதே." நான் நெஞ்சை நிமிர்த்தி, "என் கண்ணுக்குத் தோஸ்து கிடையாது ஐயா" என்றேன். 'ம்' வரவில்லை.

ஏழு நாள் பார்த்தேன். நாள் பூரா வேஷம் போட முடியாது என்று இந்தமுறை மறைவில் நிற்கவில்லை. காலை, மத்தியானம், சாயங்காலம், நடுத்தெருவில் நின்றேன். கூண்டிலிருந்து ஒன்றும் பூஜ்யமுமாக வந்தது. அதிகம் போனால் இரண்டு. எனக்கு நம்பிக்கை இல்லை. ஏதோ வித்தை செய்கிறான் என்று ஏழாம் நாள் சொல்லாமல் கொள்ளாமல் பாய்லர் கொட்டகைக்குள் நுழைந்தேன். அந்தோணி சட்டையில்லாமல் உலை வாயில் நின்று, சின்னச் சின்ன வாராகப் பரப்பிக்கொண்டிருந்தான். உள்ளங்கை இரண்டும் கொப்புளம். காதில் செருகின பீடி செருகினபடியே இருந்தது.

"பாத்துகினியா? ஏழு நாளா பெஞ்சாதிக்கு மருந்து அரைக்கிற மாதிரி கரி போட்டுகினு கீறேன். நாலு போட முடிஞ்சிதா உன்னால?"

"இல்ல."

"மூணு?"

"இல்லடா."

அவன் வாரியைக் கீழே போட்டான். "அப்போ ஏன்டா ரோசா இன்னும் வயித்தப் புடிச்சிகினு பொரள்றா? நேத்தும் ரெண்டு கோழி செத்துச்சு. என் புகை இல்ல. அப்பால எவன் புகைடா அது? நீதானே புகைக்குப் பெரிய வாத்தியாரு, சொல்லு!"

எனக்குப் பதில் தெரியவில்லை. என் வாழ்க்கையில் அது மொத்தம் மூன்று முறைதான் நடந்திருக்கிறது.

நேரே சந்துக்குப் போனேன். மத்தியானம் தாண்டியிருந்தது. ரோசம்மாள் வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகம் சுண்ணாம்பாக இருந்தது.

"கோழிங்க எங்க சாவுது ரோசா?"

"இன்னாண்ணா, எழவு விசாரிக்க வந்துட்டியா?" என்றாள். பிறகு கையை நீட்டிக் காட்டினாள். "அந்தப் பட்டறை சுவத்தோரம் மேயறதுதான் சாவுது. தெருவுக்கு அந்தாண்ட மேயறது நல்லாத்தான் கீது."

பட்டறையின் மேற்குச் சுவர் ஓரமாகப் போய் நின்றேன். அந்தப் பட்டறையை ஒன்றரை வருஷம் பார்த்தவன், அதன் மேற்குப் பக்கத்துக்கு முதல் தடவையாக வந்திருக்கிறேன்! காலையில் காற்று அசையாது. அந்தக் கொசுவலைப் புகை நேரே மேலே போய்விடும். மத்தியானம் கடல்காற்று எழும்பினதும் அது அப்படியே படுத்து, சுவரைத் தாண்டிச் சந்துக்குள் இறங்குகிறது. கூரையில், தண்ணீர்த் தொட்டியில், காயப்போட்ட கருவாட்டில். வெளுப்புப் பொடி, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும். வேட்டியில் பட்டால் கறையே இல்லை. எண்ணெய் மில் கரி வேட்டியைக் கறுப்பாக்கியது. அதனால் எல்லோரும் அதைத் திட்டினார்கள். இது யார் கண்ணையும் உறுத்தவில்லை. ஒரு நாழிகை நின்றேன். தொண்டை கரகரத்தது. நாக்கில் என்னவோ தித்திப்பு. சுவரோரத்தில் ஒரு கோழி கழுத்தைத் தரையில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தது. கையில் அட்டை இருந்தது. பழக்கதோஷம், நீட்டிப் பார்த்தேன். பூஜ்யம்.

அன்று டாக்டரிடம் தாள் இல்லாமல் போனேன். அவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, வழக்கம்போல, "எங்கே நின்னே?" என்றார்.

"இத்தனை நாளா நிக்கக்கூடாத எடத்துல நின்னேன் ஐயா."

சொல்லி முடித்ததும் அவர் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். ஜட்கா வண்டிக்குக்கூடக் காத்திருக்கவில்லை, நடந்தார். சந்தில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, "உதட்டைத் தூக்கு" என்றார். ஈறும் பல்லும் சேரும் இடத்தில் மை தீட்டினதுபோல ஒரு நீலக் கோடு. ரோசம்மாளுக்கு இருந்தது. பட்டறைக் கிழவருக்குக் கயிறு தடிமனில் இருந்தது. கடைசியில் என் பக்கம் திரும்பி, "நீயும் தூக்கு" என்றார். எனக்கு இல்லை. நூறு அடி தள்ளி நின்றவனுக்கு எப்படி வரும்?

"காரீய விஷம்" என்றார் டாக்டர். "ரோசம்மா, நீ இன்னிக்கே இந்தச் சந்தை விட்டுப் போகணும். வயித்துல இருக்கறது தங்கணும்னா வேற வழி இல்லே." மீஞ்சூரில் அவளுடைய தாய் வீடு. சாயங்கால ரயிலுக்கு அந்தோணி மூட்டை கட்டினான். "எங்க ஆத்தா வூட்ல எத்தினி நாள் நான் குந்திகினு கெடக்கறது?" என்று அவள் கேட்டாள். பட்டறை மூடும்வரை என்றார் டாக்டர். பிறகு என்னைத் தனியே அழைத்தார்.

"மூடச் சொல்லி விசாரணை வைக்கலாம். ஆனா அந்த ஆள் என்ன காட்டுவான் தெரியுமா?"

தெரியும். கதவில் ஆணியடித்த தாள். அதற்குப் பின்னால் இன்னும் பதினேழு. எல்லாவற்றின் கீழும் நான் வரைந்த ஏகாம்பரம்.

"அந்தப் பூஜ்யத்தை நீயேதான் அழிக்கணும்" என்றார். "எழுத்து மூலமா. உன் வேலைக்கு நான் உத்தரவாதம் சொல்ல முடியாது."

அன்றைக்கு எனக்கு இரண்டு பயம். ஒன்று வேலை. இன்னொன்று, எனக்கு எழுத வராது என்பது ஊருக்குத் தெரிந்துவிடும். இரண்டாவதுதான் பெரிய பயம் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. டாக்டருக்கும் அது தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தெரிந்துதான் இருந்திருக்கிறது.

ஸ்டேஷனுக்கு ஓடினேன். ரயில் வர நேரம் இருந்தது. ரோசம்மாள் மூட்டைமேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். விஷயத்தைச் சொன்னதும், அந்த வலியிலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பொக மாமுக்கு எழுதத் தெரியாதா! இத்தினி நாளா பேனாவக் காதுல சொருவிகினு திரிஞ்சியேண்ணா?"

"மெதுவாப் பேசு தாயி, ஊர் கேக்கப்போவுது."

"கேக்கட்டும். சொல்லு, எழுதறேன்."

நான் சொல்லச் சொல்ல எழுதினாள். 'தவறு ஏற்பட்டுவிட்டது' என்று சொன்னேன். அவள் பேனாவை நிறுத்தினாள். "ஏற்பட்டுச்சா? மழையா அது, தானா வர்றதுக்கு? யாரு தப்புண்ணா?" என்று கேட்டாள். அந்தோணி எங்கேயோ பார்த்துக்கொண்டு காதிலிருந்த பீடியை எடுத்துப் பற்றவைத்தான். "என் தப்பு" என்றேன். எழுதிக்கொண்டாள். ரயில் வந்தது. தாளின் கீழே என் பெயரை வரைந்தேன். அவள் ஏறிப் போனாள்.

விசாரணை நடந்த அன்று மூன்று பெரிய மனிதர்கள் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஜிப்பா முதலாளி வக்கீல் வைத்திருந்தார். வக்கீல் பதினெட்டுத் தாளையும் சீட்டுக்கட்டுபோல விரித்தார். "இது உன் கையெழுத்தா? இதெல்லாம் பூஜ்யம்தானே? அன்றைக்குச் சொன்னது பொய்யா, இன்றைக்குச் சொல்வது பொய்யா?"

"ரெண்டும் நிஜம்ங்க" என்றேன். "அட்டைக்குக் கறுப்பு ஒண்ணுதான் தெரியும். நானும் அட்டை மாதிரியே இருந்துட்டேன்."

டாக்டர் எழுந்து என் தாளைக் கொடுத்தார். மேஜைக்குப் பின்னால் இருந்த நடுப்பெரியவர் அதை உரக்கப் படித்தார்.

'நான் போட்ட பூஜ்யம், புகை கறுப்பாக இல்லை என்பதற்கு மட்டும். நோய் இல்லை என்பதற்கு அல்ல. காலையில் கடல் பக்கம் நின்று பார்த்தேன். மத்தியானம் மேற்குச் சந்தில் ஒருநாளும் நின்றதில்லை. தப்பு என்னுடையது.'

இதுவரை நான் சொன்னது. அவர் நிறுத்தவில்லை. இன்னும் ஒரு வரி இருந்தது.

'இந்தப் பூஜ்யங்கள் விழுந்த காலத்தில், இதை எழுதுகிறவளுக்கு இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை.'

அறையில் விசிறி இழுப்பவன்கூடக் கயிற்றை நிறுத்திவிட்டான். என் பெயருக்கு நேர் மேலே அந்த வரி. நான் அதைச் சொல்லவில்லை. அப்படி ஒன்று தாளில் இருப்பதே எனக்குத் தெரியாது. வக்கீல் துள்ளி எழுந்தார். "எழுதுகிறவள் என்று இருக்கிறதே! இது இவன் வாக்குமூலமே இல்லை!"

நடுப்பெரியவர் என்னைப் பார்த்தார். "ஏகாம்பரம், இது யார் வார்த்தை?"

தெரியாது என்று சொல்லியிருந்தால் தாள் செல்லாமல் போயிருக்கும். எனக்கு எழுத வராது என்பதையும் மறைத்திருக்கலாம்.

"கை அந்தம்மா கை. எனக்கு எழுத வராதுங்க" என்றேன். "வார்த்தை பூரா என்துதான். கடைசி வரியும் சேத்து."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டினார். "ம்" என்றார்.

பட்டறையை அங்கிருந்து தூக்கச் சொன்னார்கள். முதலாளி அதை எண்ணூர்ப் பக்கம் கொண்டுபோய், இன்னும் உயரமான கூண்டு கட்டிக்கொண்டார். அங்கே மட்டும் மனுஷர் இல்லையா, கோழி இல்லையா? பட்டணத்தில் வேண்டாம் என்ற புகையெல்லாம் வடக்கே போவது அப்போதே ஆரம்பித்துவிட்டது. ஆனால் புகை பார்க்கிறவனும் பின்னாலேயே போனான். அங்கே நான் மத்தியானம்தான் போவேன், காற்றுக்குக் கீழேதான் நிற்பேன், என் ஈறுகளை நானே கண்ணாடியில் பார்த்துக்கொள்வேன். அந்தத் தாள்கள் ஆபீஸுக்குப் போனதும், மழைக்கு முன்னால் அந்த உலை அணைந்தது. கிழவரின் கைகள் கடைசிவரை நிமிரவில்லை. என் வேலை போகவில்லை. ஒரு வருஷச் சம்பள உயர்வு மட்டும் போயிற்று. அந்தோணிக்கு மூன்றாவது தாள் வரவேயில்லை.

ரோசம்மாள் மீஞ்சூரிலிருந்து ஒரு பெண் குழந்தையோடு திரும்பினாள். குழந்தை சின்னது, ஆனால் அழுகை மில் சங்கு. ஞானஸ்நானத்துக்குப் போனவன், அவளைத் தனியே பிடித்து, "நான் சொல்லாதத எழுதிட்டியே ரோசா" என்றேன்.

அவள் குழந்தையைத் தோளில் மாற்றிக்கொண்டாள். "நீ பாக்காம பதினெட்டு தபா எழுதுனே. நீ சொல்லாம நான் ஒரு தபா எழுதுனேன். இன்னாண்ணா இப்போ?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. இது இரண்டாவது முறை. மூன்றாவதைப் பிறகு சொல்கிறேன். அந்த வருஷமே நான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டேன். போடுகிற கையெழுத்துக்கு மேலே என்ன இருக்கிறது என்று தெரியவேண்டுமே. வாத்தியார் யார் என்று கேட்கவேண்டாம். அவள் சம்பளத்துக்குப் பதில் கிண்டல் செய்துகொண்டாள்.

பெட்டிக்காரத் தம்பிகளிடம் ஒன்று கேட்டேன்: "இத்த எங்க வெச்சிருக்கீங்க?" ஆபீஸ் மாடியில் என்றார்கள். கரண்டு அங்கேதான் இருக்கிறதாம். கண்ணாடி போடுகிறவனாக இருந்தால் கழற்றித் துடைத்திருப்பேன்.

இந்தக் கட்டுரையை நானே என் கையால் எழுதினேன். கொடுப்பதற்கு முன்னால் ரோசம்மாளிடம் காட்டினேன். அவளுக்கும் தலை நரைத்துவிட்டது. முழுவதும் படித்தாள். பிழைகளைத் திருத்தினாள். பட்டணத்துப் புகையை என்னைப் போலப் பார்த்தவன் இல்லை என்று தொடங்கியிருக்கிறேனே, அந்த முதல் வரிக்குப் பக்கத்தில் மட்டும் பென்சிலால் இரண்டு வார்த்தை எழுதித் திருப்பிக் கொடுத்தாள்.

'எங்க நின்னு?'

மூன்றாவது முறை அதுதான்.